விரல் பட்டதா, கம்பம் பட்டதா?

மெத்தைக்கடையில் வேலை பார்க்கிறவருக்குக் கனவு வராமல் வேறு யாருக்கு வரும்? நம்மாளு அந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்தே பாதி முழிப்பு, பாதி மிதப்புதான். வேலை அப்படி. வருகிறவர்களை மெத்தையில் படுக்கவைத்து, "கண்ணை மூடிப் பாருங்க, மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்" என்று காதோரம் மெதுவாகச் சொல்ல வேண்டும். நம்பாதவர்களுக்குத் தானே படுத்துக் காட்ட வேண்டும். சொல்லிச் சொல்லி, படுத்துப் படுத்து, அந்த மேகத்தை விட்டு இறங்குகிற வழியே அவருக்கு மறந்துபோயிற்று.

அந்த மனுஷனைத்தான் கடைவீதி கால்பந்து சாம்பியன்ஷிப்பில் கோல் கீப்பராக நிறுத்தினார்கள். வருஷா வருஷம் அந்த வீதிக் கடைகள் கடைக்கொரு அணியாக ஆடுகிற போட்டி அது. "நாள் முழுக்க மெத்தையில விழுறவன், ஒரு நாள் தரையில விழ மாட்டானா?" என்று முதலாளி கேட்டார். முதலாளி கேட்டால் அது கேள்வி இல்லை, உத்தரவு. நம்மாளு விழுந்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் விழுந்தார். பந்து ஒரு பக்கம் போனால் இவர் இன்னொரு பக்கம் விழுந்தார். முன்வரிசையில் ஆடி கோல் போட்ட கடை வேன் டிரைவரின் புண்ணியத்தில் அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

எதிரே பெயிண்ட் கடைக்காரர்கள். ஆட்டம் சமமாக முடிந்து, பெனால்டிக்குப் போய், கடைசி உதை பெயிண்ட் கடை நெட்டையன் காலில் வந்து நின்றது. உள்ளே போனால் ஆட்டம் இன்னும் இழுக்கும். போகாவிட்டால் கோப்பை மெத்தைக்கடைக்கு. நெட்டையன் ஓடி வந்தான், உதைத்தான், பந்து உள்ளே போகவில்லை. அதுவரைக்கும் ஊர் மொத்தமும் ஒத்துக்கொள்கிறது. ஏன் போகவில்லை என்பதில்தான் நம்மாளு வீட்டில் தகராறு.

நம்மாளு கண்டது இது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பாய்ந்தார்; ஆனாலும் கண்டார். சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. காற்று அடியில் கைகொடுத்து அவரைத் தூக்கியது. ஓரத்து மரங்கள், கொடிகள், ஜனங்கள் எல்லாம் கீழே இறங்கிப் போக, அவர் மட்டும் குறுக்கே மிதந்தார். வலது கை நடுவிரல் நுனியைப் பந்து வந்து தொட்டது. கன்றுக்குட்டி மூக்கால் தொடுமே, அந்த மாதிரி. தொட்டுவிட்டு விலகிப் போய்க் கோல் கம்பத்தில் பட்டது. கண்ணைத் திறந்தபோது மொத்த அணியும் அவர்மேல் கிடந்தது.

வீட்டம்மா கண்டது வேறு.

"பந்து கம்பத்துல பட்டுச்சு. நீங்க தரையில பட்டீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்துச்சு."

"என் விரல்ல பட்டு, அப்புறம்தான் கம்பத்துல பட்டுச்சு!"

"உங்க விரல் அந்தப் பக்கமே போகலைங்க."

"நீ அவ்வளவு தூரத்துல கூட்டத்துல உக்காந்திருந்தே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கண்ணைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"கோப்பை வந்துச்சா இல்லையா?"

"அதைக் கம்பத்துக்கில்ல குடுத்திருக்கணும்!"

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். நடுவில் ஒரு அறை மாட்டிக்கொண்டது.

வீட்டம்மாவின் தம்பி வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனதால் காலியான அறை. சின்னதுதான். ஆனால் அந்த ஜன்னல் இருக்கிறதே, அதுதான் அழகு. மத்தியான வெயில் அதன் வழியாக வந்து சுவரில் ஏறும். வெளியே நிற்கும் மரத்தின் நிழல் அந்த வெயிலுக்குள் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சாய்வு நாற்காலி போட்டு, காலை நீட்டி, அந்தப் பந்து விரலைத் தொட்ட கணத்தை ஆயுசு பூராவும் நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது நம்மாளின் ஆசை. உலகத்தையே படுக்கவைக்கிறவருக்குத் தான் படுக்க ஒரு மூலை வேண்டாமா?

வீட்டம்மாவோ தையல் வேலை செய்கிறவர். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, குழந்தைகள் கவுன் எல்லாம் தைப்பார். மெஷின் இருப்பது கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். ஃபிரிட்ஜைத் திறந்தால் தோளில் இடிக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் தையல் எங்கே போகிறது என்று கடவுளுக்கே தெரியாது. தினமும் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த ஜன்னல் வெளிச்சத்தை எட்டிப் பார்ப்பார். அவருக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

"சண்டை வேண்டாம். கடைவீதிச் சங்கத்துல ஹைலைட்ஸ் வீடியோ எடுத்திருக்காங்கல்ல, அது வரட்டும்" என்றார் வீட்டம்மா. "உங்க விரல்ல பட்டிருந்தா ரூம் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். படலைன்னா மெஷின் உள்ள போகும். நீங்கதான் தூக்கி வெக்கணும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நீங்க மாறாம இருந்தா சரி."

அன்றிலிருந்து நம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் மெத்தை விரிப்பைத் தட்டும்போதும் அந்த வீடியோதான் கண்ணில் ஓடியது. தான் மிதப்பது, விரல் நீள்வது, பந்து தொடுவது. ஒரு மாமியும் மாமாவும் மெத்தை பார்க்க வந்து படுத்து, இவர் பேச்சைக் கேட்டுக் கண்ணசந்து, எழுந்து, வாங்காமலே போனார்கள். அதைக்கூட இவர் கவனிக்கவில்லை.

வீடியோ வந்தது. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையிலேயே திரை கட்டினார். ஆட்டக்காரர்களும் குடும்பங்களும் விற்பனை மெத்தைகளிலேயே உட்கார்ந்தார்கள். "பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சுடாதீங்க, புண்ணியமாப் போகும்" என்று முதலாளி ஒவ்வொரு மெத்தையாகப் போய்க் கும்பிட்டார். வீட்டம்மா இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வீடியோ எடுத்தவர் வீதிக் கடைசியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். காலமெல்லாம் கல்யாணம் எடுத்தவர். அது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துபோயிற்று. ரோஜா இதழ்கள் கொட்டின. இரண்டு இதயங்கள் இரண்டு ஓரத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்றுக்குள் மெத்தைக்கடை முதலாளி சிரித்தார், இன்னொன்றுக்குள் பெயிண்ட் கடை முதலாளி வெட்கப்பட்டார். பிறகு சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கினார். இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, மேலேயிருந்து ஒரு தடவை இறங்கினார். அப்புறம் கூட்டம் ஜூஸ் குடித்தது. ஒவ்வொருவரும் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டே "எடுக்காதீங்க" என்று கையை ஆட்டினார்கள். கோல்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக நாலு மூலையிலிருந்தும் சுற்றிக்கொண்டு வந்து, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பூவாக மாறி உதிர்ந்தன. பின்னணியில் புல்லாங்குழல் இழைந்தது. பாதிப் பேர் மெத்தையில் சாய்ந்துவிட்டார்கள்.

நம்மாளு மட்டும் நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைசி உதை வந்தது. நெட்டையன் மெதுவாக, மிக மெதுவாக ஓடி வந்தான். காலைத் தூக்கினான். நம்மாளு மூச்சைப் பிடித்தார்.

திரையில் பெயிண்ட் கடை முதலாளியின் முகம் தெரிந்தது.

முகம் நிறைய கலக்கம். உதடு துடித்தது. அப்புறம் யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. அப்புறம் வானம், அதில் இரண்டு பறவைகள். மறுபடி மைதானத்துக்கு வந்தபோது நம்மாளு ஆட்களுக்கு அடியில் கிடந்தார். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மேலே இதழ்கள் கொட்டின.

"என் விரல் எங்கய்யா?" என்று நம்மாளு போட்ட கூச்சலில் தூங்கினவர்களெல்லாம் எழுந்து அவர் கையைப் பார்த்தார்கள். விரல்கள் எல்லாம் இருந்தன.

வீட்டுக்கு நடக்கும்போது வீட்டம்மா ஆரம்பித்தார்.

"வீடியோ வந்துடுச்சு. விரல் வரலையே?"

"கம்பமும்தான் வரல."

"அதுவும் சரிதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள எங்கயிருந்தாவது விரலைக் கொண்டுவந்து காட்டுங்க. இல்லாட்டி மெஷின் உள்ள போகுது. குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு இனிமே சொல்லக் கூடாது."

மறுநாள் மத்தியானம் நம்மாளு ஸ்டூடியோவில் போய் நின்றார். வீடியோக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"சார், மோதிரம் போடுற நேரத்துல விரலையா காட்டுவோம்? மாமியார் முகத்தைக் காட்டுவோம். விரல் எல்லார்கிட்டயும் இருக்கு. அந்த முகம் அந்த ஒரு செகண்டுதான் சார் இருக்கும்! பெயிண்ட் கடைக்காரர் முகத்தைப் பார்த்தீங்களா? பொண்ணை அனுப்பி வெக்கிற அப்பா தோத்தாரு."

"என் விரலைப் பார்க்கணுமேய்யா என் பொண்டாட்டி!"

"அதுக்கென்ன சார், ரீடேக் எடுத்துடலாம்."

"ரீடேக்கா?"

"கல்யாணத்துல மாப்பிள்ளை கண்ணை மூடிட்டார்னா, இன்னொரு தடவை மோதிரம் போடுங்கன்னு சொல்றோம். போடறாங்க. அதை எடுத்து வெச்சுக்கறோம். ரெண்டாவது தடவை போட்டதால கல்யாணம் செல்லாமப் போயிடுதா?"

நம்மாளு யோசித்தார். நடந்ததைத்தானே திரும்ப நடத்தப் போகிறோம்? கேமரா பார்க்கத் தவறியதைக் கேமராவுக்குக் காட்டுகிறோம், அவ்வளவுதானே? இதில் பொய் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் தேடவும் இல்லை.

விடிந்தும் விடியாததுமாக மைதானத்தில் மூன்று பேர் கூடினார்கள். நம்மாளு, வீடியோக்காரர், உதவிக்கு வேன் டிரைவர். பனி முழங்கால் உயரத்துக்கு மிதந்தது. கோல் கம்பங்கள் அதில் பாதி கரைந்து நின்றன. வேனிலிருந்து ஒரு மெத்தையை இறக்கி, கேமராவில் விழாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். வேன் டிரைவர் கேமரா பக்கத்தில் நின்றுகொண்டு பந்தை மெதுவாகக் கையால் வீசினார். நம்மாளு பாய்ந்தார். மெத்தையில் விழுந்தார்.

"சார், கண்ணை மூடாதீங்க!"

"மூடலையே."

"இறுக்கி மூடியிருந்தீங்க சார். இன்னொரு தடவை."

இன்னொரு தடவை பாய்ந்தார். அதற்கப்புறமும் பாய்ந்தார். கண் ஒவ்வொரு தடவையும் தானாக மூடிக்கொண்டது. ஆனால் விழுகிற சுகம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! அடியில் தான் தினமும் விற்கிற மெத்தை, முகத்தில் ஈரக் காற்று, கிழக்கே வெளுக்கிற வானம். நடுவில் ஒரு தடவை விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று வேன் டிரைவர் ஓடி வந்து பார்த்தால், லேசாகக் குறட்டை கேட்டது.

"விரல்ல பட்டுச்சாய்யா?" என்றார் எழுப்பப்பட்டவர்.

"படாட்டி என்ன சார், நான் பட வெச்சுடறேன். கூட்டத்தையும் பழைய வீடியோவுலயிருந்து எடுத்துப் போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணுதான் குறையுது. அதை நானே பார்த்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போங்க."

என்ன குறைகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம்மாளு பாதித் தூக்கத்தில் இருந்தார். தலையாட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டம்மா திடீரென்று குளிர்ந்துபோனார். கம்பம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. மெஷினில் உட்கார்ந்து பாட்டை முணுமுணுத்தார்.

"நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடுவீங்களா, சுவரைப் பார்த்தா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான். சுவரைப் பார்த்துப் போட்டா நிழல் ஆடறது நல்லாத் தெரியும்."

நம்மாளுக்கு உள்ளே சுருக்கென்றது. பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷி. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். அதற்குள் வெயில் அந்த அறைச் சுவரில் ஏறி, மர நிழல் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டியது. திறந்த வாயை மூடிக்கொண்டு போய்ச் சாய்வு நாற்காலிக்கு ஒரு மெத்தென்ற திண்டு வாங்கி வந்துவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நம்மாளு அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், ஸ்டூடியோவிலிருந்து வந்த புது வீடியோவை நம்மாளு டிவியில் போட்டார்.

"வீடியோக்காரர்கிட்ட முழுசா ஒண்ணு இருந்துச்சாம். இன்னொரு கேமராவுல மாட்டியிருக்கு. நானும் இன்னும் பார்க்கலை" என்றார். கடைசி வார்த்தை மட்டும் உண்மை.

"அப்படியா? போடுங்க, போடுங்க" என்று வீட்டம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இதழ்கள் இந்தத் தடவையும் கொட்டின. அப்புறம் நெட்டையன் காலைத் தூக்கினான். அப்புறம், அடடா! நம்மாளு மிதந்தார். நினைவில் இருந்ததைவிட அழகாக மிதந்தார். பனி புகையாகச் சூழ்ந்திருக்க, பொன் வெளிச்சத்தில், கையை நீட்டிக்கொண்டு குறுக்கே போனார். நடுவிரல் நுனியில் பந்து வந்து தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் மின்னியது. அது கொஞ்சம் அதிகம்தான். பந்து விலகிப் போய்க் கம்பத்தில் பட்டது. பாய்ந்தது ஒரு மெத்தைமேல் என்பது நம்மாளுக்கே மறந்துபோயிற்று. இதுதான் நடந்தது, இப்படித்தான் நடந்தது என்று மனசார நம்பினார்.

அப்போது திரை முழுக்க ஒரு முகம் வந்தது.

வீட்டம்மாவின் முகம். கண்கள் விரிந்திருந்தன. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. கண்ணோரத்தில் நீர் திரண்டு, நின்று, கன்னத்தில் வழிந்தது.

நம்மாளு கையில் இருந்த ரிமோட்டை அழுத்தி அந்த முகத்தை அப்படியே நிறுத்தினார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெண் அவரை ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. ரூம் மறந்தது. நாற்காலி மறந்தது. வாயில் கம்பம், கம்பம் என்று கரித்துக்கொட்டிவிட்டு, மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாளா?

"பாரும்மா" என்றார், குரல் கம்மியது. "உன் முகத்தை நீயே பாரு. நான் அந்தப் பந்தைத் தட்டிவிட்டப்போ நீ அழுதிருக்கே. என்கிட்ட சொல்லவே இல்லையே நீ!"

வீட்டம்மா எழுந்து டிவி பக்கத்தில் போனார். தைத்து முடித்த கவுனின் ஓரத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துத் தன் முகத்தைப் பார்த்தார்.

"கடைசி டேக் தேவலைங்க. முதல் நாலும் எனக்குச் சிரிப்பு வந்து கெட்டுப்போச்சு."

நம்மாளு திரையில் இருந்த முகத்தையும் பக்கத்தில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேக்... டேக்கா?"

"வெள்ளிக்கிழமை வந்தாருங்க வீடியோக்காரர். 'அம்மா, சார் பாய்ஞ்சது பிரமாதமா வந்திருக்கு, உங்க முகம் ஒண்ணுதான் குறையுது'ன்னாரு. மொட்டை மாடியில நிக்க வெச்சு எடுத்தாரு. நல்ல மனுஷன். வேலையில சுத்தம்."

"அப்ப... மைதானம், மெத்தை..."

"நீங்க தூங்கிப்போனது வரைக்கும் சொன்னாரு."

நம்மாளு மெதுவாக எழுந்து, ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் புகுந்து, தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். வீட்டம்மா மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதை அந்த ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். சுவரில் மர நிழல் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாம் போகட்டும். அந்தக் கண்ணீர்... அதாவது நிஜம்தானே?"

"அது நிஜம்தாங்க" என்றார் வீட்டம்மா, மெஷின் மேல் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே. "உங்க பந்தை நெனச்சா சிரிப்புதான் வந்துச்சு. இந்த ரூம் நிஜமாவே போயிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன், பொலபொலன்னு கொட்டிடுச்சு."